சோழவரம் கிரே

ஸீட் சூடாகியே தீருமாம். நேற்று ராத்திரி லீஸ் கம்பெனியிலிருந்து திருத்திய கொட்டேஷன் வந்தது. மாத வாடகை ஏறியிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். குளிர்ந்த காற்று வரும் ஸீட் வேண்டும் என்று கேட்டிருந்தேன் அல்லவா, அது தனியாக வராதாம். சூடாகும் ஸீட், சூடாகும் ஸ்டீயரிங் இரண்டும் சேர்ந்த பேக்கேஜாகத்தான் வருமாம். "சூட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், காற்றை மட்டும் கொடுங்கள்" என்று எழுதினேன். "சிஸ்டத்தில் அப்படி ஆப்ஷன் இல்லை சார்" என்று பதில் வந்தது. சிரிக்கும் பொம்மை ஒன்றும் கூடவே வந்தது. பொம்மைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று தெரியவில்லை.

நான் இருப்பது திருவள்ளூரில். லேத் வைத்து உதிரி பாகம் கடையும் என் கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். கோடையில் எந்தெந்த ஊரில் வெயில் சதமடித்தது என்று பேப்பரில் போடும் பட்டியலில் திருத்தணி இல்லாமல் இருப்பது அபூர்வம். அந்தத் திருத்தணி எங்கள் மாவட்டம். பகல் இரண்டு மணிக்கு ஷெட்டுக்கு வெளியே நிறுத்தின வண்டியின் ஸ்டீயரிங்கைக் கைக்குட்டை சுற்றித்தான் இங்கே பிடிக்கிறோம். ஸீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு முழங்கையில் பட்டால் கொப்பளிக்கும். சூரியன் பைசா வாங்காமல் செய்துகொண்டிருந்த இந்த வேலைக்கு இனி நான் மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். அந்த வாடகைக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு.

எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை. ஜெர்மன் வண்டி, நாலு கதவு, ஸ்போர்ட்ஸ் செடான், அது போதும். இந்த ஜெர்மன்காரர்கள் முக்கியமான மூன்று பேரும் இங்கேயேதான் வண்டி பூட்டுகிறார்கள். பி.எம்.டபிள்யூ. 2007இலிருந்து செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில். மெர்சிடிஸ் புனேயை அடுத்த சாக்கனில். ஆடி ஔரங்காபாத்தில். ஆக, எனக்கு வரப்போகும் சூடான ஸீட்டைத் திருகி மாட்டப்போகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டுதான் மாட்டப்போகிறார். அவருக்காவது தோன்றாதா?

லீஸ் யோசனை ஆடிட்டருடையது. "சொந்தமா வாங்கினா வருஷத்துக்கு 15 பர்சன்ட்தான் டிப்ரிசியேஷன் சார். லீஸ்ல போனீங்கன்னா வாடகை மொத்தமும் செலவுல வந்துடும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்ன, இன்னும் மாருதியில்தான் போகிறார். லீஸ் லாபமா, சொந்தமா வாங்குவது லாபமா என்பதற்கு உண்மையில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பின்பக்கம் ஒன்றும் எழுதாத கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் போதும், போட்டுவிடலாம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கலர்.

கலர் தேர்ந்தெடுப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் நம் கூட்டம்தான். வாங்கப் போகிறோமோ இல்லையோ, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு போனை எடுத்து, சக்கரத்தை மாற்றி, ஸீட் தையல் நூலைச் சிவப்பாக்கி, ஸ்க்ரீனில் வண்டியை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தானே கண்ணை மூடுகிறோம். எனக்குத் தெரிந்து ஸ்ப்ளெண்டரில் வேலைக்கு வரும் எங்கள் சூப்பர்வைசர் ஒரு போர்ஷேயை முழுவதுமாகச் செய்து முடித்து சேமித்து வைத்திருக்கிறார். உள்ளே பழுப்புத் தோல். நல்ல ரசனை.

ஒரு காலத்தில் வண்டிக்கு மூன்று கலர்தான்: வெள்ளை, கறுப்பு, அப்புறம் கவர்ன்மென்ட் ஆபீஸ் ஜன்னலுக்கு அடித்தது போக மீந்த அந்தப் பச்சை. இப்போது வெள்ளையிலேயே ஆல்பைன் ஒயிட் வேறு, மினரல் ஒயிட் வேறு. சாம்பலில் புரூக்ளின் கிரே, ஸ்கைஸ்க்ரேப்பர் கிரே, நார்டோ கிரே. நீலத்தில் போர்ட்டிமாவ் ப்ளூ. எல்லாக் கம்பெனிப் பட்டியலையும் கலந்தே சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நார்டோ என்பது இத்தாலியின் தென்கோடியில் வண்டிகளை வட்டமாக ஓட விட்டுச் சோதிக்கும் இடம். போர்ட்டிமாவ் போர்ச்சுகலில் ரேஸ் மைதானம் உள்ள ஊர். புரூக்ளின் நியூயார்க்கில். இதில் ஒன்றிலும் நான் கால் வைத்ததில்லை, வைக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் அதன் கலரை நாலு வருஷம் வாடகைக்கு எடுக்கலாம், கூடுதல் பணம் கட்டினால்.

ரேஸ் ஓடின இடத்தின் பேரைக் கலருக்கு வைக்கலாம் என்றால் எங்கள் சோழவரம் என்ன குறைந்துபோனது? கும்மிடிப்பூண்டி போகிற வழியில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1950களிலிருந்து 80களின் கடைசிவரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. கோயம்புத்தூர் கரிவரதன் ஓட்டியிருக்கிறார். விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் வண்டியையே கொண்டுவந்து ஓட்டினார். அவருடைய முழு வேகம் தெரிய 2016வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது. இத்தனை வரலாறுள்ள காங்கிரீட்டின் பேரில் ஒரு பெயின்ட் டப்பாகூடக் கிடையாது. சோழவரம் கிரே. சொல்லிப் பாருங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் நெருஞ்சி முளைத்த, டயர்த் தடம் மங்கிய, வெயிலில் வெளுத்த சாம்பல்.

ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று, மாவட்டம் முழுவதற்கும் ஒரு கலர்ப் பட்டியல் போட்டு ஜெர்மனிக்கு அனுப்பலாம். அத்திப்பட்டு ஆஷ் மெட்டாலிக்: அனல் மின்நிலையத்துச் சாம்பல் லாரிக்குப் பின்னால் மீஞ்சூர்வரை போனால் தானாகவே பிடிக்கும், இரண்டு கோட்டிங். பெரியபாளையம் கிரீன்: பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். வீரராகவர் பிரவுன்: திருவள்ளூர் கோயில் குளத்தில் கரைத்த வெல்லத்தின் நிறம், அமாவாசைக்கு மறுநாள் எடுத்தது. பழவேற்காடு பிங்க்: பூநாரை வரும் பருவத்தில் மட்டும், லிமிடெட் எடிஷன். திருத்தணி எல்லோ: ஆடிக் கிருத்திகைக் காவடியின் மஞ்சள், ஸ்போர்ட்ஸ் மாடலுக்கு மட்டும். கும்மிடிப்பூண்டி ரஸ்ட்: ரோலிங் மில் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும், கம்பெனி வாரன்டி தேவையில்லை. செங்குன்றம் ரெட், சரி, அது பேரிலேயே இருக்கிறது. கறுப்பு மட்டும் ஒன்று பாக்கி. எண்ணூர் பிளாக். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் கலந்த எண்ணெயிலிருந்து படகு, வலை, நண்டு, மனிதக் கால் எல்லாவற்றிலும் ஏறிக்கொண்ட கறுப்பு. எந்த ஷாம்புவுக்கும் போகாது. ஜெர்மன்காரனின் சஃபையர் பிளாக்கெல்லாம் அதன் எதிரில் நிற்க முடியாது. இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

மேட் பெயின்ட் என்று ஒன்று காட்டினார் ஷோரூம் தம்பி. பளபளப்பே இருக்காது, தூசி படிந்தாற்போல இருக்கும், அதுதான் அழகு. அதற்குத் தனியாக லட்சத்தில் விலை. மெஷின் பாலிஷ் போடக்கூடாது, பறவை எச்சம் பட்டால் உடனே துடைக்க வேண்டும், வாட்டர் வாஷ் கடையில் விடவே கூடாது. "தம்பி, நான் தினமும் தச்சூர் கூட்டு ரோடு வழியாகப் போகிறேன். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் எந்த வண்டியும் மேட்தான்" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை.

வீட்டில் அபிப்பிராயங்கள் வந்தன. பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "அப்பா, எதுவேணா எடுங்க, வெள்ளை மட்டும் வேணாம். ஏர்போர்ட் டாக்ஸின்னு கை காட்டுவாங்க" என்றான். மாமியார் கறுப்பு கூடாது என்றார், காரணம் சொல்லவில்லை, சொல்லிப் பழக்கமில்லை. என் மனைவி நாலு நாள் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, உள்ள உக்காந்துகிட்டா வெளிக் கலரு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இப்படியெல்லாம் கேட்டால் ஒரு தொழில் எப்படி நடக்கும்? சிவப்பு நூல் தைத்த கறுப்புத் தோல், நெல்லிக்காய் நிறத்தில் ஒன்று, சிப்பி நிறத்தில் ஒன்று என்று நான் காட்டின சாம்பிள்களைத் தொட்டுப் பார்த்து, "சிப்பிக் கலர்ல எடுத்தா உங்க கம்பெனி கிரீஸ் கையோட எப்படி ஏறுவீங்க?" என்றாள். அதுவும் நியாயம்தான். நியாயமான கேள்விகளால் என் ராத்திரிகள் பாழாயின. கடைசியில் எடுத்தது சாம்பல். எந்தச் சாம்பல் என்று கேட்காதீர்கள், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே தெரியாது.

சரி, கணக்கு.

லீஸ்காரர்கள் வட்டி என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள். பி.டி.பி.எம். என்பார்கள். ஆயிரம் ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்பது. 70 லட்ச ரூபாய் வண்டி, பி.டி.பி.எம். 20 என்றால், ஏழாயிரத்தை இருபதால் பெருக்கி மாதம் 1,40,000. நாலு வருஷம் கட்டினால் 67 லட்சத்து 20 ஆயிரம். கட்டி முடித்ததும் வண்டியை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். இருபது என்பது எவ்வளவு சின்ன எண், பாருங்கள். "உங்களுக்காக 20.4ஐ 20 ஆக்கியிருக்கோம் சார்" என்று சொன்னால், நமக்கும் தசம புள்ளியையே விரட்டியடித்த பெருமிதம்.

இந்த இருபது எங்கிருந்து வருகிறது? நாலு வருஷம் கழித்து வண்டி என்ன விலைக்குப் போகும் என்று லீஸ் கம்பெனி இன்றைக்கே ஒரு ஊகம் வைக்கிறது. ஆர்.வி. என்பார்கள். ஆர்.வி. ஏறினால் வாடகை இறங்கும். ஆகவே லீஸ்காரரிடம் நாம் வண்டியைப் புகழ வேண்டும். "இதுக்கு ரீசேல் பிச்சிக்கிட்டுப் போகும் சார், செகண்ட்ஸ்ல கண்ணுலயே காட்ட மாட்டாங்க" என்று. ஆனால் அதே நாள் காலையில் ஷோரூமில் தள்ளுபடி கேட்கும்போது வண்டியை இகழ வேண்டும். "மூணு வருஷத்துல பாதி விலைக்குக் கேக்கறான், இதுக்குப் போய் இவ்ளோ சொல்றீங்களே" என்று. இரண்டையும் நான் குறையில்லாமல் செய்தேன். காலையில் இகழ்ந்தபோதும் உண்மையாகவே இகழ்ந்தேன், மாலையில் புகழ்ந்தபோதும் மனதாரப் புகழ்ந்தேன். கல்யாணத் தரகர் இரண்டு வீட்டிலும் பேசுவது இப்படித்தான், பாவம், அவர்களை இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தோம். சிக்கல் என்னவென்றால், ஷோரூம் தம்பியும் லீஸ்காரரும் ஒரே மின்னஞ்சல் சங்கிலியில் இருக்கிறார்கள். நான் காலையில் சொன்ன 'பாதி விலை'யை மேற்கோள் காட்டி ஆர்.வி.யைக் குறைத்தது லீஸ் கம்பெனி. இரண்டு பேரும் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள்.

இதோடு நாலாம் வருஷக் கடைசியில் வண்டியை நாமே எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் உண்டு. அப்போது ஆர்.வி. குறைவாக இருந்தால்தான் நமக்கு லாபம். ஆக அன்றைக்கு மறுபடியும் வண்டியை இகழ வேண்டும். நாலு வருஷம் ஓட்டின வண்டியை அதன் எதிரிலேயே நின்றுகொண்டு இகழ எனக்கு மனசு வராது. இந்த மனசுக்கு என்ன விலை என்பதை கணக்கில் எங்கே போடுவது என்று ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறேன்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22இலிருந்து பெரிய காருக்கு 40 பர்சன்ட். செஸ்ஸை எடுத்துவிட்டார்கள், முன்னைக்கு இது குறைவுதான், எல்லோரும் கை தட்டினோம். வாடகைக்கும் அதே விகிதம். கம்பெனி பேரில்தானே எடுக்கிறோம், இன்புட் கிரெடிட் கிடைக்காதா என்றேன். கிடைக்காது, சட்டத்தில் 17(5) தடுக்கிறது என்றார் ஆடிட்டர். டிரைவரையும் சேர்த்து 13 பேர்வரை உட்காரும் பயணி வண்டிக்குக் கிடையாதாம். 13 பேருக்கு மேல் ஏறும் ஸ்போர்ட்ஸ் செடான் இருந்தால் எடுக்கலாம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரிடம் அந்தச் செடானை ஒப்படைத்துப் பாருங்கள், ஒரே ட்ரிப்பில் சட்டத்துக்கு உட்பட்டுக் காட்டுவார்.

வருமான வரிக்காரர்கள் எனக்கு இன்னும் பிடித்தமானவர்கள். ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் கலந்து ஓடும் கம்பெனி வண்டி, 1.6 லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜின் என்றால், அனுபவிக்கும் சுகத்தின் மதிப்பு மாதம் 2,400 ரூபாய், டிரைவர் இருந்தால் கூடுதலாக 900 என்று வெகுகாலம் விதியில் எழுதி வைத்திருந்தார்கள். சுமோவாக இருந்தாலும் அதே 2,400, ரோல்ஸ் ராய்ஸாக இருந்தாலும் அதே 2,400. எனக்கு வண்டி தரும் இன்பத்தைத் தில்லியில் யாரோ ஒருவர் ஒரு தடவை உட்கார்ந்து யோசித்து, 2,300 போதாது, 2,500 அதிகம் என்று முடிவு செய்திருக்கிறார். நம் வாழ்க்கையை வேறு யார் இவ்வளவு துல்லியமாக எடை போட்டிருக்கிறார்கள்?

சாலை வரி அப்படியில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 பர்சன்ட். விலையில் ஐந்தில் ஒரு பங்கு, சாலைக்காக. அந்தச் சாலையைத்தான் நான் தினமும் தேடுகிறேன். நல்லூர் டோல்கேட்டில் பாஸ்டாக் கிளிக் என்று பணத்தை எடுத்துக்கொள்கிறது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அந்த இடத்தில் மட்டும் நாடு ஜெர்மனிதான். அதைத் தாண்டினால் இடது ஓரம் லாரி பார்க்கிங். வலது ஓரத்தில் 30 கிலோமீட்டரில் அசையும் ட்ரெய்லர். அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்ட புத்தம் புதுக் கார்கள் துறைமுகத்துக்குப் போகின்றன, ஓட்டப்படாமலேயே ஓடும் பாக்கியசாலிகள். நடுவில் எதிர்த்திசையில் ஒரு டிராக்டர், முகத்தில் சலனமே இல்லாத ஓட்டுநரோடு. நான் எடுக்கப்போவதைப் போன்ற வண்டிகள் 374 குதிரைசக்தி, நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 4.4 விநாடி என்று விளம்பரம் செய்கின்றன. புதுவாயலிலிருந்து சிப்காட் கேட்வரை அந்த 4.4 விநாடிக்கு இடம் எங்கே என்று பார்த்துக்கொண்டே போகிறேன். விநாடி இருக்கிறது. இடம்தான் இல்லை.

இதெல்லாம் டிரைவரின் கவலை இல்லை. ஆமாம், டிரைவர்தான் ஓட்டப்போகிறார். ஸ்போர்ட்ஸ் செடான் எடுத்துப் பின் ஸீட்டில் உட்காரும் ஜாதி நாங்கள். எங்களுக்காகவே பி.எம்.டபிள்யூ. தன் 3 சீரிஸை 2021இல் நீளமாக்கி, பின்னால் கால் நீட்ட இடம் விட்டு, கிரான் லிமோசின் என்று கொண்டுவந்தது. கையால் ஓட்டி ரசிப்பதற்கென்றே பேர் வாங்கின வண்டியை, சாய்ந்துகொண்டு வாட்ஸ்அப் பார்க்க வசதியாக இழுத்து நீட்ட வைத்த சாதனை சாதாரணமானது அல்ல.

எங்கள் டிரைவர் முன்னொரு காலத்தில் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் கான்ட்ராக்ட்டில் இருந்தவர். 1998இல் அங்கிருந்துதான் மிட்சுபிஷி லான்சர் வந்தது. அம்பாசடர் செய்த கம்பெனியா இது என்று ஊரே வாயைப் பிளந்தது. பெட்ரோலா, டீசலா, ஆப்ஷன் அவ்வளவுதான், கடைக்காரரும் வாங்குகிறவரும் காபி குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். ஓட்டத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் அந்த வண்டியின் பேரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நம் டிரைவர் எந்த வண்டியையும் லான்சரை வைத்துத்தான் அளப்பார். டெஸ்ட் டிரைவுக்கு வந்த ஜெர்மன் வண்டியைச் சுற்றி வந்தார், குந்தினார், அடியில் கையை விட்டுச் சாண் போட்டு அளந்தார். எழுந்து, "சார், இது நம்ம கேட் ஸ்பீடு பிரேக்கர்ல குந்திக்கும். ஸ்டெப்னியும் இல்ல" என்றார். பஞ்சரானாலும் ஓடும் டயர், ஸ்டெப்னி தேவையில்லை என்று ஷோரூம் தம்பி விளக்கினார். "எவ்ளோ தூரம் ஓடும்?" "எண்பது கிலோமீட்டர்." "அப்புறம்?" தம்பியிடம் அப்புறத்துக்கு பதில் இல்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கும் ஆர்.வி. போட்டிருந்தால் இன்னும் இறங்கியிருக்கும்.

தள்ளுபடிக்கு ஆடி மாதம் வரட்டும் என்று இருந்து பார்த்தேன். ஆடியில் வேட்டிக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, இதற்கு இல்லையாம். அவர்களுக்கு டிசம்பர்தான் ஆடி. டிசம்பரில் எடுத்தால் வருஷம் பழசாகிவிடும் என்று குறைப்பார்கள். ஆனால் பாதி டிசம்பர் மார்கழி, வீட்டில் வண்டி எடுக்க விடமாட்டார்கள். ஜெர்மன் கணக்குப் புத்தகமும் பாம்புப் பஞ்சாங்கமும் ஒத்துப்போகும் அந்தப் பதினைந்து நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். கால்மிதி பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை இன்னும் இரண்டு இதழ் போகும். 70 லட்ச வண்டிக்குக் கால்மிதி தனி விலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தத்தோடு ஒரு இணைப்பு வந்திருக்கிறது. வண்டியைத் திருப்பித் தரும்போது எந்தக் கீறல் நியாயமானது, எது நியாயமற்றது என்று. பம்பரில் இத்தனை மில்லிமீட்டர்வரை மன்னிப்பு, அதற்கு மேல் அபராதம். கல் பட்ட புள்ளி எத்தனை இருக்கலாம், ஸீட்டில் கறை எந்த அளவு என்றெல்லாம் விவரமாக இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பானட்டில் வைக்கும் சந்தனம், குங்குமம் பற்றி ஒரு வரி இல்லை. மஞ்சள் தடவின பட்டை நாள்பட்டால் கிளியர் கோட்டில் தங்கிவிடும், எனக்குத் தெரியும், எல்லா லேத்திலும் இருக்கிறது. நம்பர் பிளேட்டில் எலுமிச்சை மிளகாய் கட்டும் கம்பியின் உரசல் எந்த வகை என்று கேட்டு எழுதியிருக்கிறேன். மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகப் பதில். இந்தத் தடவை பொம்மை சிரிக்கவில்லை.

பூஜை என்றதும்தான் வீட்டில் புதுப் பிரச்சினை கிளம்பியது. வண்டி வந்ததும் நேராக சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போவது என்று மனைவி எப்போதோ முடிவு செய்துவிட்டாள். வழியில்தான் இருக்கிறது, சின்னம்பேட்டுக்குத் திரும்பினால் போதும். சொந்த வீடு வேண்டும் என்பவர்கள் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாக வந்து நிற்கும் சந்நிதி. அங்கே போய் வாடகை வண்டிக்கு அர்ச்சனை செய்யலாமா என்பது முதல் கேள்வி. யார் பேருக்கு என்பது இரண்டாவது. ஆர்.சி. புத்தகத்தில் லீஸ் கம்பெனி பேர்தான் இருக்கும். "ஓனர் அவங்கதானே, அவங்க பேருக்குத்தான் செய்யணும், இல்லன்னா பலன் எப்படி வண்டிக்கு வரும்?" என்றாள். பேர் தெரியும். நட்சத்திரம்?

ஆடிட்டரைக் கேட்டேன். லீஸா சொந்தமா என்ற கணக்கைப் பல வாரமாக அனுப்பாத மனிதர், கம்பெனி பதிவான தேதியை அடுத்த பத்து நிமிஷத்தில் ரிஜிஸ்ட்ரார் பதிவிலிருந்து எடுத்து அனுப்பினார். மனைவி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். மூல நட்சத்திரம். அவள் முகம் மாறிவிட்டது. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்னு சொல்வாங்களே. இந்தக் கம்பெனி ஆணா, பொண்ணா?"

அதையும் ஆடிட்டருக்கே அனுப்பினேன்.

"பிரைவேட் லிமிடெட்" என்று பதில் வந்திருக்கிறது.